ஒன்பதாவது இடம்

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஏழாவது இடத்தில் இருப்பதை என் மாமன் மகனால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 1989ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் வெளியிட்ட பட்டியல் அது. எண்பதுகளில் வந்த ஆல்பங்களில் தலைசிறந்த நூறு. மாப்பிள்ளை திருப்பூரில் வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பிடித்துப் பனியன் கம்பெனிகளுக்குக் கொடுப்பவர். எண் இல்லாமல் அவருக்கு வாதாட வராது. “அமெரிக்க விற்பனை வரிசையில் 37 வாரம் முதலிடம். 1984இல் ஜாக்சனுக்கு ஒரே இரவில் எட்டு கிராமி விருது. மொத்தமே ஒன்பது பாட்டு, அதில் ஏழு தனித்தனியாக முதல் பத்துக்குள் வந்தவை. இதை ஏழாவது என்று எழுதியவர்களுக்குக் காது கேட்குமா மச்சான்?” கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சரி, ஷிப்மெண்ட் அவசரத்தில் போன் செய்தாலும் சரி, சுற்றி வளைத்து இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்.

எனக்கு அந்தப் பட்டியல் தொழில் வழியாகத்தான் அறிமுகமானது. டி-ஷர்ட்டுகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பட்டறை எங்களுடையது. கறுப்பு ரவுண்ட் நெக் பனியனில், ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டைப்படத்தை அச்சடிக்கும் வேலை ஒன்று வந்தது. மேடையில் ஒருவன் குனிந்து, இரண்டு கையாலும் பேஸ் கிதாரைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் அடிக்கப் போகும் படம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பு எழுத்து, அடியில் பச்சை எழுத்து. கறுப்புத் துணி என்பதால் முதலில் வெள்ளை ஒரு கோட்டு அடித்து, அதன்மேல் சாம்பல் புள்ளிகளை ஏற்றி, பிறகு இரண்டு நிற எழுத்துகளையும் உட்காரவைக்க வேண்டும். சாம்பிள் அடித்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த எங்கள் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். “அண்ணா, போட்டோ ஆடியிருக்கிறது. கிதார் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள், புள்ளி சேரவே இல்லை. நம் மேல் பழி வருவதற்கு முன்னால் வேறு படம் அனுப்பச் சொல்லுங்கள்.”

படத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, மாஸ்டர் கண்ட குறையைப் படம் எடுத்தவரே முதலில் கண்டிருக்கிறார். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில், குழுவின் பேஸ் கிதார் கலைஞர் பால் சிமனன் கிதாரை ஓங்கிய நொடியில் பென்னி ஸ்மித் எடுத்தது அது. படம் தெளிவாக இல்லை, அட்டையில் போட வேண்டாம் என்று அவரே தடுத்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரமரும் வடிவமைப்பாளர் ரே லோரியும் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சாம்பிளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “அப்படியானால் ஆடியபடியே அடிப்போம்” என்று ஸ்கிரீனை எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தேடலில்தான் அந்த நூறு ஆல்பப் பட்டியல் கண்ணில் பட்டது. முதலிடத்தில் ‘லண்டன் காலிங்’. மாலை டீக்கடையில் மாப்பிள்ளையிடம் இதைச் சொன்ன நேரத்தில் ஆரம்பித்த சண்டை இது.

அவருடைய இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ‘லண்டன் காலிங்’ பிரிட்டனில் வெளியானது 1979 டிசம்பர் 14 அன்று. எழுபதுகளில் வந்த ஆல்பம் எண்பதுகளின் சிறந்த ஆல்பம் ஆவது எப்படி? அமெரிக்காவில் அது 1980 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது, அமெரிக்கப் பத்திரிகை தன் ஊர்த் தேதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். தேதியில் சலுகை காட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு இசைத்தட்டு, பத்தொன்பது பாட்டு, பிரிட்டனில் ஒரு தட்டின் விலை. மூன்றே சுரத்தில் கத்துகிறவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த பங்க் குழு ஒன்று ரெக்கே, ஜாஸ், பழைய ராக்கபில்லி என்று எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்த ஆல்பம் அது. அடுத்த பத்தாண்டில் மற்றவர்கள் எந்த வழியில் போனார்கள் என்று பார்த்தால், அந்த வழிகளில் பலவற்றை இது முன்பே நடந்து பார்த்திருக்கிறது. முதலிடம் கொடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை.

விற்பனையை வைத்துத் தரம் பேசுவதில்தான் சண்டை. சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும்போது மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, தவறாமல் போவார். அங்கே விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. காளையைப் பற்றிய பேச்சு மட்டும் வெளியில், ஊர் கேட்க நடக்கும். திமில் எப்படி, கொம்பு எப்படி, சுழி எங்கே, நடை எப்படி என்று பொழுது சாயும்வரை வாதம். அதிக விலைக்குப் போன காளைதான் சந்தையிலேயே சிறந்த காளை என்று மாமா முன்னால் யாராவது சொல்லிவிட்டு வரட்டும். மாடு பார்க்கத் தெரியாதவன் என்று அதோடு பேச்சை முடித்துவிடுவார். மாப்பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் பாட்டு என்று வந்தால் 37 வாரத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்.

வரிசையாகக் கேட்டது

வாய்ச் சண்டையில் பலன் இல்லை என்று பட்டதும், முதல் பத்தையும் ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்பது என்று முடிவு செய்தேன். பட்டறையில் இரவு ஷிப்ட் ஓடும்போது அச்சடித்த மையைச் சூட்டில் உலர்த்தும் கியூரிங் மெஷினின் இரைச்சலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். யார் தொந்தரவும் இருக்காது. பிரின்ஸின் ‘பர்ப்பிள் ரெயின்’ இரண்டாவது. அதில் வரும் ‘வென் டவ்ஸ் க்ரை’ பாட்டில் பேஸ் கிதாரே கிடையாது. நடனப் பாட்டு ஒன்றிலிருந்து அடித்தளத்தையே உருவிவிட்டு நிற்கவைத்திருக்கிறார். முதல்முறை கேட்கும்போது ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றும். குறைவது எது என்று தெரிந்தபின் அதைத் தவிர வேறெதிலும் காது போகாது. மூன்றாவது, யூ2 குழுவின் ‘தி ஜோஷ்வா ட்ரீ’. நல்ல ஆல்பம், அதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நான்காவது ‘டாக்கிங் ஹெட்ஸ்’ குழுவின் ‘ரிமெய்ன் இன் லைட்’. நைஜீரியாவின் ஃபெலா குட்டி இசையை ஊன்றிக் கேட்டவர்கள் செய்தது என்பது தாளத்தில் தெரிகிறது. ஐந்தாவது பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’. நிறவெறி அரசுக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பு நடப்பில் இருந்தபோது தென்னாப்பிரிக்கா போய் அங்குள்ள கலைஞர்களோடு பதிவு செய்ததால் அது கிளப்பிய சர்ச்சை பெரிது. ஆறாவது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். ஏழாவது ‘திரில்லர்’. எட்டாவது ஆர்.இ.எம். குழுவின் ‘மர்மர்’. பத்தாவது டிரேசி சாப்மனின் முதல் ஆல்பம்.

ஒன்பதாவதை வேண்டுமென்றே தாண்டிச் சொன்னேன். ரிச்சர்ட் தாம்சன், லிண்டா தாம்சன் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1982இல் வெளியிட்ட ‘ஷூட் அவுட் தி லைட்ஸ்’. மேலும் கீழும் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் கோடிகளில் விற்றவர்கள். இவர்கள் இருவர் பெயரையும் நான் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. திருப்பூரில் விசாரித்த வகையில் கேள்விப்பட்ட ஒருவரையும் காணவில்லை. எட்டே பாட்டு. முதலில் 1980இல் ஜெரி ராஃபர்ட்டி என்ற பாடகரின் தயாரிப்பில் பதிவானது, வெளியிட ஆள் கிடைக்கவில்லை. பிறகு ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் தன் சிறிய நிறுவனத்துக்காக, சில நாட்களில் மறுபடி பதிவு செய்தார். லிண்டா அப்போது கர்ப்பிணி. ஆல்பம் வெளிவருவதற்குள் கல்யாணம் முறிந்துவிட்டது. முறிந்தபின்னும் இருவரும் அமெரிக்கா போய், ஒரே மேடையில் அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள்.

இதைப் பிரிவின் ஆல்பம் என்றுதான் எழுதுகிறார்கள். பாட்டுகளில் பெரும்பாலானவை பிரிவுக்கு முன்பே எழுதப்பட்டவை. ஆனால் ‘வாக்கிங் ஆன் எ வயர்’ பாட்டில் லிண்டாவின் குரலைக் கேட்டபின் தேதியை யாரும் பார்க்கமாட்டார்கள். கணவன் எழுதிய வரிகளை, அவன் கிதார் வாசிக்க, மனைவி பாடுகிறாள். கம்பிமேல் நடந்து களைத்துப்போனவளின் பேச்சு அது. அவள் எங்கேயும் குரலை உயர்த்தி அழவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் சுரத்தை இழுக்காமல் கீழே வைத்துவிடுகிறாள். அவள் அப்படி வைத்த இடத்தில் அவன் கிதார் எடுத்துக்கொள்கிறது. கடைசிப் பாட்டு ‘வால் ஆஃப் டெத்’. எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டை விளக்கவே வேண்டாம். பலகை அதிர, செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றுவதை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்த குழந்தைக்கும் அது புரியும். எட்டுப் பாட்டும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வைத்தேன். பெல்ட்டில் வந்து விழுந்த பீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த பையன் என்னவென்று கேட்டான். ஒரு பக்கக் காதுக்கருவியைக் கொடுத்தேன். அவனுக்கு மொழி புரியவில்லை. பாட்டு முடியும்வரை திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு என் சண்டையின் முகம் மாறிவிட்டது. ‘திரில்லர்’ ஏழா, ஒன்றா என்பதில் எனக்கு அக்கறை போய்விட்டது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் இழைத்து வைத்த அந்த ஒலியைக் குறை சொல்ல யாராலும் ஆகாது. பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘திரில்லர்’ எங்களை வந்து சேர்ந்திருக்கும். சேர்ந்தும் இருந்தது. எங்கள் தெருவில் அந்த நடனத்தை ஆடாத பள்ளி ஆண்டுவிழா கிடையாது. ‘ஷூட் அவுட் தி லைட்ஸ்’ அப்படி ஒருநாளும் வந்திருக்காது. யாரோ சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இதை முதல் பத்தில் வைத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் முப்பது வருஷம் கழித்துப் பனியன் ஊரில் ஒருவன் அதைக் கேட்டான்.

மூன்று வரிசைகள்

இதே பத்திரிகை பிற்பாடு, எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்கள் என்று பெரிய பட்டியல்களை வெளியிட்டது. 2003 பட்டியலுக்கு 273 பேரிடம் வாக்கு வாங்கினார்கள். இசைக்கலைஞர்கள், விமர்சகர்கள், இசைத்தொழிலில் இருப்பவர்கள். அதில் ‘லண்டன் காலிங்’ 8, ‘திரில்லர்’ 20, ‘பர்ப்பிள் ரெயின்’ 72. 2020இல் 300 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அதில் ‘பர்ப்பிள் ரெயின்’ 8, ‘திரில்லர்’ 12, ‘லண்டன் காலிங்’ 16. 1989இலோ ‘லண்டன் காலிங்’, ‘பர்ப்பிள் ரெயின்’, ‘திரில்லர்’ என்று வரிசை. மூன்று ஆல்பம், மூன்று பட்டியல், மூன்றிலும் வெவ்வேறு வரிசை. ஆல்பங்களில் ஒரு சுரம்கூட மாறவில்லை. பிரின்ஸ் 2016 ஏப்ரலில் இறந்தார், உலகம் அவரை மறுபடி உட்கார்ந்து கேட்டது. வாக்களிக்கும் தலைமுறையும் மாறியது.

ஒன்பதாவது இடம் என்ன ஆனது என்று தேடினேன். 2003இல் அது 300க்கும் கீழே போயிருந்தது. இது ஏன் என்பது கணக்குத் தெரிந்தவருக்கு எளிது. ஆளுக்கு ஐம்பது ஆல்பம் எழுதித் தரச் சொல்லிப் புள்ளிகளைக் கூட்டினால், எல்லோரும் முப்பதாவதாக எழுதும் ஆல்பம் மேலே வரும். பத்துப் பேர் உயிரை விட்டு நேசித்து, மற்றவர்கள் கேட்டே இராத ஆல்பம் கீழே போகும். கூட்டல் கணக்கில் பிடிவாதத்துக்கு மதிப்பெண் கிடையாது. 1989 பட்டியல் பத்திரிகையின் ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்தது. அதனால்தான் அதில் மனிதர்களின் கைரேகை தெரிகிறது.

பெரிய வாக்கெடுப்புக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் குழுவின் முதல் பத்தில் ஹிப்ஹாப் ஆல்பம் ஒன்றுகூட இல்லை. தனியாகப் பாடிய பெண் டிரேசி சாப்மன் ஒருவர்தான். ‘பப்ளிக் எனிமி’ என்ற ஹிப்ஹாப் குழு 1988இல் வெளியிட்ட ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ 2020 பட்டியலில் 15ஆவது இடத்தில், ‘லண்டன் காலிங்’குக்கு ஒரு படி மேலே நிற்கிறது. நிற்க வேண்டிய இடம்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார் என்பதைப் பொறுத்து அவர்கள் காதுக்கு எட்டாத உலகம் ஒன்று இருக்கவே செய்யும். பல நூறு பேர் வாக்களித்தால் அந்த உலகம் உள்ளே வரும். இருந்தாலும், எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், சிலர் கூடி வாதாடிய பட்டியலைத்தான் எடுப்பேன். அதில் குறை இருந்தால் யாருடைய குறை என்று சொல்லிச் சண்டை போடலாம். கூட்டல் கணக்கோடு யாரும் சண்டை போட முடியாது.

நம்மிடம் ஒன்று

மாப்பிள்ளைதான் கேட்டார், தமிழில் எண்பதுகளுக்கு இப்படி ஒரு பத்து போட்டுவிடலாமா என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை மாடியில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, மாஸ்டர், நூல் வியாபாரம் செய்யும் பங்காளி ஒருவர், நான். உட்கார்ந்த பிறகு ஒன்று உறைத்தது. நாம் எப்போதும் ஆளை வைத்தே வாதாடி வந்திருக்கிறோம். இளையராஜாவா ரஹ்மானா, அதற்கு முன்னால் விஸ்வநாதனா மகாதேவனா என்று டீக்கடைகளில் தலைமுறை தலைமுறையாகக் கட்சி கட்டியிருக்கிறோம். எந்த ஆல்பம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் வசதி இல்லை. கடையில் வாங்கிய கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறு படம். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒரு படத்தின் பாட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எடைபோடும் பழக்கம் நமக்கு வரவே இல்லை.

எண்பதுகள் என்று வரும்போது ஆள் சண்டை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. ‘ஒருதலை ராகம்’ படத்துக்கு ஓர் இடம் கேட்டுப் பங்காளி கொஞ்ச நேரம் போராடினார். மற்றபடி எந்தப் பெயரைச் சொன்னாலும் அது இளையராஜாவிடமே போய் நின்றது. ‘மூன்றாம் பிறை’, ‘சலங்கை ஒலி’, ‘முதல் மரியாதை’, ‘மௌன ராகம்’, ‘நாயகன்’. படமே இல்லாமல் அவர் 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’. யார் என்ற கேள்வி செத்துப்போனதால், எது என்ற கேள்வியை நாங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக நேருக்கு நேர் சந்தித்தோம். கை கலக்காத குறைதான். ஒரே மனிதரின் ஒரு வேலையை அவருடைய இன்னொரு வேலைக்குக் கீழே வைப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ரசிகன் என்ற சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை ‘சிந்து பைரவி’ முதலிடம் என்றார். 1985இல் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம், தியாகராஜர் கீர்த்தனையையே சாரமதி ராகத்துக்கு மாற்றிப் போட்ட துணிச்சல், இதற்கு மேல் என்ன என்று எண்ணும் விருதுமாக அடுக்கினார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த மாஸ்டர் ‘நிழல்கள்’ என்றார். மாப்பிள்ளை சிரித்தேவிட்டார். “அது ஓடாத படம் அண்ணா.” 1980 தீபாவளிக்கு வந்து தோற்ற பாரதிராஜா படம் அது. மாஸ்டர் விடவில்லை. வைரமுத்துவின் முதல் பாட்டு அதில்தான், ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’. ‘பூங்கதவே’ பாட்டில் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் மெல்லப் பாடிக்கொண்டிருக்கும்போதே இடையில் நாதஸ்வரம் புகுந்து ஒரு கல்யாணத்தையே நடத்திவிட்டுப் போகும். ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட’ படத்திலேயே இல்லை. இசைத்தட்டிலும் கேசட்டிலும் மட்டும் இருந்து இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறது. “படம் ஓடியிருந்தால் பாட்டைப் படத்துக்காகக் கேட்டோம் என்று சொல்லலாம். ஓடாத படத்தின் பாட்டை எதற்காகக் கேட்டோம்?” என்று மாஸ்டர் கேட்டார். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பங்காளி போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

பட்டியல் இன்னும் முடியவில்லை. ஏழு இடங்கள் வரைக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறோம், அதிலும் வரிசை நிற்கவில்லை. மாப்பிள்ளை ‘நிழல்கள்’ படத்துக்கு ஒன்பதாவது இடம் தருவதாகச் சமாதானம் பேசுகிறார். என் ஓட்டு மாஸ்டருக்குத்தான், முதலிடத்துக்குத்தான். ‘சிந்து பைரவி’யில் ராஜா தனக்குத் தெரிந்த அத்தனையையும் காட்டினார். ‘நிழல்கள்’ பாட்டுகளில், அடுத்த பத்து வருஷம் என்னென்ன செய்யப்போகிறார் என்பதையெல்லாம் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் யாரும் பார்க்க வராத ஒரு படத்துக்கு. ஒன்பதுக்கு நான் இறங்கிவரப் போவதில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.